கல்ஃப் காருக்கு எந்த நீலம்?

வாசகர் கேள்வி: 1968 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற 9-ம் எண் ஃபோர்டு ஜிடி40 காரின் 1:24 பிளாஸ்டிக் மாடலைச் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்பான்சர் கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது கருநீலம். காரோ வெளிர்நீலம். அதுவும் ஒரு படத்தில் வானநீலமாகவும் இன்னொன்றில் பச்சை கலந்தும் தெரிகிறது. எதை நம்பி பெயின்ட் வாங்குவது?

வெளிர்நீலத்தையே வாங்குங்கள். சின்னத்தை வைத்து நிறம் பார்க்க வேண்டாம், ஏனென்றால் இந்த நீலம் முதலில் கல்ஃபுடையதே அல்ல.

கல்ஃபின் துணைத் தலைவர்களில் ஒருவரான கிரேடி டேவிஸ் பந்தயப் பிரியர். அவர் தனக்கென ஒரு ஜிடி40 வாங்கினார். அந்தக் கார் 1967 தொடக்கத்தில் டேட்டோனாவில் ஓடியபோது கம்பெனியின் கருநீலத்தில்தான் இருந்தது, கூடவே ஆரஞ்சு. அதே சமயம் இங்கிலாந்தில் ஸ்லவ் நகரில் ஃபோர்டின் பந்தயப் பிரிவை ஜான் வையரும் ஜான் வில்மென்ட்டும் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய புதிய மிராஜ் எம்1 காருக்கு கல்ஃப் பணம் கொடுத்தது. என்ன நிறம் அடிப்பது என்ற பேச்சு வந்தபோது, கருநீலம் டேவிஸுக்குப் பிடிக்கவில்லை. கல்ஃப் ஏற்கெனவே வாங்கியிருந்த வில்ஷயர் ஆயில் என்ற கலிஃபோர்னியா நிறுவனத்தின் நிறங்கள் வெளிர்நீலமும் ஆரஞ்சும். அவை இன்னும் எடுப்பாக இருக்கின்றன என்று டேவிஸ் அவற்றைத் தேர்ந்தெடுத்தார். 1967-ல் ஸ்பா 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜாக்கி இக்ஸும் டிக் தாம்சனும் வென்ற மிராஜ் இந்த நிறத்தில்தான் ஓடியது. வாங்கப்பட்ட சிறிய நிறுவனத்தின் பெயர் மறைந்துபோய், அதன் நிறம் மட்டும் வாங்கியவரின் பெயரில் உலகம் முழுக்கத் தெரிகிறது. பந்தய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சரி, படங்கள் ஏன் மாறுகின்றன? அந்தக் கால கலர் ஃபிலிமில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒரு சாயம் முன்னதாகப் போனால் படம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். லெ மான் பந்தயம் மாலை, இரவு, விடியல் என்று நடப்பதால் வெளிச்சமும் நிலையாக இருக்காது. வெளிர்நிறங்களில் இது உடனே தெரியும். அதனால் ஒற்றைப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜிடி40 கார்களைப் புதுப்பிப்பவர்கள் பின்பற்றும், ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய பெயின்ட் எண்கள் இவை: நீலத்துக்கு பி030-8013, ஆரஞ்சுக்கு பி030-3393. பின்னதன் பெயர் மேரிகோல்ட். ஆரஞ்சு நிறச் செண்டுமல்லியை நினைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் ரகத்தை அல்ல. கார் பெயின்ட் கலந்து தரும் கடையில் எண்ணைச் சொன்னால் இன்றைய இணையான கலவையைத் தேடிப் பார்ப்பார்கள். மாடல் பெயின்ட் நிறுவனங்கள் சிலவும் கல்ஃப் நீலம் என்றே விற்கின்றன. அதுவே போதும்.

அடிக்கும் வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆரஞ்சு பெயின்ட் அடியிலுள்ள நிறத்தை முழுமையாக மறைக்காது. நீலத்தின் மேல் அடித்தால் அழுக்கேறிய பழுப்பாகிவிடும். எனவே முதலில் வெள்ளை பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அதன் மேல் நடுப்பட்டை வரும் இடத்தில் ஆரஞ்சு. நன்றாகக் காய்ந்தபின் பட்டையை மாஸ்கிங் டேப்பால் மூடி, நீலத்தை மெல்லிய படலங்களாக அடியுங்கள். சாம்பல் பிரைமர் போட்டால் இந்த நீலம் மங்கிப்போகும். மாடல் சின்னது என்பதால் நீலத்தில் சில சொட்டு வெள்ளை சேர்த்தால் பார்வைக்கு இன்னும் இயல்பாக இருக்கும், ஆனால் மிகக் கொஞ்சம்தான்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். ஆரஞ்சும் நீலமும் சேரும் விளிம்பில் மெல்லிய கருநீலக் கோடு உண்டு. உங்கள் சின்னத்துக் கருநீலத்துக்கு இடம் அங்கேதான். இந்தக் கோடு இல்லாவிட்டால் இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கண்ணை உறுத்தும். கிட்டில் இதற்கு டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) இருந்தால் கையால் வரைய முயல வேண்டாம்.

டீக்கால் தாளில் 6-ம் எண்ணும் இருந்தால் கவனம். உங்கள் காரின் அதே சேசிஸ்தான் (அடிச்சட்டகம், அதன் எண் 1075) 1969-லும் லெ மானில் வென்றது, 6-ம் எண்ணுடன். அதை ஓட்டியவர்கள் இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். உங்கள் 1968 காரை ஓட்டியவர்கள் பெட்ரோ ரோட்ரிகஸும் லூசியன் பியாங்கியும். இரண்டு ஆண்டுகளின் எண்களையும் பெயர்களையும் கலந்துவிடாதீர்கள்.

காரில் அடிப்பதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் இரண்டு நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, மேலே நிறமில்லாத கிளியர் கோட்டும் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டின் கீழ் முடிவு செய்ய வேண்டாம்.