பால்தேத்தண்ணியை விட்ட பிறகு

கேள்வி: வயது 46. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. தினம் மூன்று பால்தேத்தண்ணி குடிப்பேன். வயிறு ஊதி, சில நாள் வயிற்றோட்டமும் வந்ததால் காட்டினேன். லக்டோஸ் சமிபாடடைவதில்லை என்றார் வைத்தியர். பால்மாவையும் தயிரையும் விட்டு மூன்று கிழமை, இப்போது சுகம். விசுக்கோத்தையும் விட வேண்டுமா? எலும்பு தேயாதா? தேங்காய்ப்பால் விட்டுத் தேத்தண்ணி போட்டால் திரைந்துபோகிறதே?
– ஆசிரியை, கோண்டாவில்

பதில்: விசுக்கோத்தை மன்னித்துவிடுங்கள். லக்டோஸ் பாலிலுள்ள சீனி. அதை உடைக்கும் நொதியம் உங்கள் குடலில் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் அளவுதான் கணக்கு. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் போடும் கூம்பாக அள்ளிய இரண்டு மேசைக்கரண்டி பால்மா, அதாவது 20 கிராம், ஏழரைக் கிராமளவு லக்டோஸ் தரும். சாப்பாட்டோடு ஒரே தரத்தில் 12 கிராம் வரை பலருக்குத் தாங்கும். உங்கள் எல்லை அதிலும் குறைவு போலிருக்கிறது, வெறுவயிற்றில் குடித்தால் இன்னும் குறையும். இரண்டு விசுக்கோத்தில் ஒரு கிராமும் வராது. நெய்யில் அநேகமாக இல்லவே இல்லை. நல்லூர்த் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் ஒரு குவளை மோர் குடித்தாலும் பயமில்லை. ரின்பாலும் பால்ரொபியும் வேறு கதை, அவற்றைக் குறையுங்கள்.

தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது பால் ஒவ்வாமை. அவர்கள் பொதியில் பால் திண்மம், வே (whey), கேசினேட் (caseinate) என்ற சொற்களைத் தேட வேண்டும். மோர்மிளகாய்கூட ஆகாது.

தயிரை ஏன் விட்டீர்கள்? அதிலுள்ள பக்றீரியாவே லக்டோஸ் உடைய உதவும். இரவு உறையூற்றி நன்றாகப் புளித்த தயிரில் மூன்று மேசைக்கரண்டி, மத்தியானச் சோற்றோடு மூன்று நாள் சாப்பிட்டுப் பாருங்கள். வயிறு சத்தம் போடாவிட்டால் அரைக் கோப்பைக்கு ஏற்றலாம்.

நீங்கள் எலும்பைக் கேட்டீர்கள். எங்களுக்குப் பெரிய கவலை விற்றமின் பி12. மீன், முட்டை சேராத வீட்டில் அதற்குப் பாலும் தயிரும்தான் வழி. தேவை ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் மரக்கறியில் கிடையாது, தோசைமா புளித்தாலும் நம்ப முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வருடக்கணக்கில் தெரியாமலிருந்து, பிறகு கால் விறைப்பு, நா எரிவு, களைப்பு என்று வரும். இரத்தப் பரிசோதனை செய்து, குளிசையின் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

கல்சியம் உங்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். மூன்று கோப்பைப் பால்தேத்தண்ணியில் 500க்கு மேல் வந்துகொண்டிருந்தது. தோல் நீக்காத எள்ளு இரண்டு மேசைக்கரண்டியில் 170, குரக்கன்மா 50 கிராமில் 170, முருங்கையிலை வறை ஒரு பிடியில் 90 அளவில் கிடைக்கும். எள்ளிலும் குரக்கனிலும் உள்ள பைற்றேற்று கல்சியத்தை முழுதாக உறிஞ்ச விடாது, ஆகவே கணக்குக்குக் கொஞ்சம் கூட வையுங்கள். பசளியை இதற்காக நம்ப வேண்டாம், அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைக் கட்டிவிடும். கல்சியம் சேர்த்த சோயாப்பால் வாங்கினால் நன்றாகக் குலுக்குங்கள், சத்து அடியில் படிந்து கிடக்கும். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் கல்சியம் உண்டு. கொதித்தால் அதில் ஒரு பங்கு கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்!

தேங்காய்ப்பாலில் கல்சியம் சொற்பம், அது ருசிக்குத்தான். கொதியில் அதன் புரதம் இறுகி எண்ணெயைக் கைவிட்டுவிடுவதால் திரைகிறது. அரைமுறித் தேங்காயைத் துருவி, ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்து துணியில் வடியுங்கள். சாயத்தைக் கடுமையாக ஊற்றி இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். பாலை வேறாக, ஆவி வரும் மட்டும் சூடாக்கி, கோப்பையில் முதலில் பாலையும் அதன்மேல் சாயத்தையும் ஊற்றுங்கள். திரும்பச் சூடாக்க வேண்டாம். மிஞ்சிய பாலை மத்தியானச் சொதிக்கு விடுங்கள், பின்னேரத் தேத்தண்ணிக்கு வைத்தால் நம் வெயிலில் புளித்துவிடும்.