வயல் கேள்வி-பதில்: முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்

கேள்வி: கடலை விதைத்து 40 நாள் ஆகிறது. ஒரு செடியைப் பிடுங்கினேன், வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு. பக்கத்துக் காட்டுக்காரர் "நூற்புழு, உடனே மருந்து போடு" என்கிறார். போடட்டுமா?
– வாசகர், திண்டிவனம்

அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்! முதலில் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள் (கையால் வெடுக்கென்று இழுத்தால் பாதி முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும்), வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், அப்புறம் ஒரு முடிச்சை விரலால் நெருடுங்கள். வேரின் பக்கவாட்டில் மணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்து சட்டென்று உதிர்ந்தால் அது ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு. வேரே புடைத்துப்போய், வேரைப் பிய்த்தால்தான் வரும் என்றால் நூற்புழு, வேருக்குள் புகுந்து சாறு உறிஞ்சும் கண்ணுக்குத் தெரியாத புழு. நீங்கள் கடுகு கடுகாக என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலாவதாகத்தான் படுகிறது, ஆனாலும் கிள்ளிப் பார்த்துவிடுங்கள்.

உதிர்ந்த முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தும் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்துச் சிவப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பாக்டீரியாவிடம் இருக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதிதான் அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சு விடவோ ஆக்சிஜன் வேண்டும்! இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுப்பதுதான் அந்தச் சிவப்புச் சரக்கு. கூலி, செடி சமைக்கும் சர்க்கரை. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசு, இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ரகம். காய் முற்றும் நேரத்தில் பச்சையோ பழுப்போ ஆனால் கவலை வேண்டாம், அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும், முடிச்சு நன்றாக இருக்கிற வயலில் யூரியாவை வாரி இறைக்காதீர்கள். கடையில் சோறு கிடைத்தால் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? செடியும் முடிச்சைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: உளுந்து விதையில் பூஞ்சாண மருந்து கலந்தாயிற்று. ரைசோபியமும் கலக்கலாமா? எவ்வளவு?
– வாசகி, மணப்பாறை

கலக்கலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். மருந்து கலந்து 24 மணி நேரம் போகட்டும். அப்புறம் ஆறிய அரிசிக் கஞ்சியில் (சூடாக ஊற்றினால் பாக்டீரியா வெந்துவிடும்) பாக்கெட்டைக் கரைத்து, நிழலில் சாக்கின் மேல் விதையைப் பரப்பி, ஒவ்வொரு விதையிலும் கருப்பாக ஒரு பூச்சு ஏறும்வரை கையால் புரட்டுங்கள். தோல் உரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் 3 என்பது கணக்கு, ஏக்கருக்கு ஒன்றேகால் வரும். ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் வாங்கிப் பிரித்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், இரண்டையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மீதமான ரைசோபியத்தை மிளகாய்க்குப் போடலாமா?
– அதே வாசகி

வீண். அது பயறுவகைக் குடும்பத்தோடுதான் சம்பந்தம் வைத்துக்கொள்ளும். மிளகாய்க்கு அசோஸ்பைரில்லம் வாங்குங்கள், அதுவும் காற்று நைட்ரஜனைப் பிடிக்கிற பாக்டீரியாதான்.

கேள்வி: நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியாவே வேண்டாம் என்றார் கடைக்காரர். நம்பிப் போட்டேன், பயிர் மஞ்சளாகிவிட்டது. பாக்டீரியா எல்லாம் ஏமாற்று வேலையா?
– வாசகர், ஒரத்தநாடு

பாக்டீரியா ஏமாற்றவில்லை, சொன்னவர்தான் கூட்டிச் சொல்லிவிட்டார். அசோஸ்பைரில்லம் முடிச்சுப் போட்டு உள்ளே குடியேறாது, வேரைச் சுற்றியும் வேர்த் தோலுக்குள் கொஞ்சமும் ஒண்டிக்கொண்டிருக்கும். அதனால் கடலைக்கு ரைசோபியம் கொடுக்கிற அளவு நைட்ரஜனை நெல்லுக்கு இது கொடுக்காது. பக்கவேர் பெருகச் செய்யும் வளர்ச்சிப் பொருளையும் சுரக்கும், எனக்குத் தெரிந்து பாதிப் பலன் அதிலிருந்துதான் வருகிறது. தழைச்சத்தில் (நைட்ரஜன் உரத்தில்) கால் பங்குவரை குறைத்துப் பார்க்கலாம், முழுசாக நிறுத்த முடியாது. இப்போதைக்கு இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) வைத்துப் பார்த்து மேலுரம் கொடுங்கள்.

அடுத்த போகத்தில் ஏக்கருக்கு 2 பாக்கெட்டை 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடுங்கள். நடவுக்கு முன் இன்னும் 4 பாக்கெட்டைப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூவுங்கள். தொழுவுரம் இல்லாத வயலில் பாக்டீரியாவை விடுவது, உலை வைக்காத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்புவது மாதிரி.

கேள்வி: பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தை (பாஸ்பரஸை) உண்டாக்குமா?
– வாசகர், அவிநாசி

உண்டாக்காது. காற்றிலிருந்து எடுக்க மணிச்சத்து என்ன நைட்ரஜனா? நீங்கள் வருடக்கணக்கில் போட்ட டிஏபி உரத்தின் மணிச்சத்தில் ஒரு பங்கு சுண்ணாம்போடு சேர்ந்து மண்ணில் கட்டிப்போயிருக்கும், அதை அமிலம் சுரந்து கரைத்துக் கொடுக்கும். பூட்டிய பெட்டிக்குச் சாவி, அவ்வளவே. அதையும் டிஏபியையும் ஒரே கூடையில் கலந்து வீசாதீர்கள், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய பாக்கெட் பரணில் கிடக்கிறது. போடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

தூள் பாக்கெட்டுக்கு ஆயுள் 6 மாதம்தான், அதுவும் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால். ஓட்டு வீட்டுப் பரணில் ஒரு சித்திரையைக் கடந்திருக்கிறது என்றால் உள்ளே உயிரோடு யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். நானே ஒரு முறை வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் நாலு பாக்கெட்டை மறந்து, சாயங்காலம் எடுத்து விதைக்குக் கலந்து, பிறகு மண்ணைக் குறை சொன்னவன்தான். உங்களுடையதை எருக்குழியில் கொட்டிவிட்டு, தேதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.