முதல் டார்பிடோவிலேயே கப்பல் முழுதும் இருண்டுவிடுமா?

1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' பற்றி நாவல் எழுதிவரும் வாசகர் ஒருவர், முதல் டார்பிடோ தாக்கிய கணத்தில் கப்பல் முழுவதும் விளக்கணைந்ததாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்.

அப்படி எழுத வேண்டாம். மின்சாரம் இழந்தது கப்பலின் பின்பாதி. முன்பாதியில் அது தொடர்ந்து இருந்தது.

அக்கப்பலில் எட்டு டைனமோக்கள் இருந்தன. ஆறு நீராவி டர்பைனாலும், கொதிகலன்கள் அணைந்தாலும் ஓடக்கூடிய மற்ற இரண்டு டீசல் என்ஜினாலும் இயங்கின. எல்லாமே 220 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தை, கப்பலைச் சுற்றி வளையமாக ஓடிய கனத்த கேபிளுக்குள் செலுத்தின. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறமிருந்து மின்சாரம் வரும். பழுதான பகுதியை மட்டும் பிரேக்கர்களால் துண்டித்துவிடலாம். ஒரே அடியில் முழு இருள் வருவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

ஆனால் அன்று வினையானது கேபிள் அறுந்தது அல்ல, உள்ளே புகுந்த வெள்ளம். இடப்புற வெளி புரொப்பல்லரின் தண்டு டார்பிடோவால் நிலைகுலைந்த பின்னும் சுழன்றதால், அது செல்லும் நீண்ட சுரங்கவழி கிழிபட்டு, கடல்நீர் என்ஜின் அறை வரை பாய்ந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த டீசல் டைனமோக்களில் ஒன்றின் அறையும் மூழ்கியது. தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பம்புகள் மின்சாரத்தில் ஓடுபவை. மின்சாரம் போனதால் அவை நின்றன, அவை நின்றதால் தண்ணீர் மேலும் ஏறியது. உங்கள் அத்தியாயத்தின் மையமாக இருக்க வேண்டியது இந்தச் சுழற்சிதான் என்பது என் உறுதியான கருத்து.

பின்பகுதியில் இருக்கும் பாத்திரம் விளக்கணைவதோடு காற்றாடிகளின் இரைச்சல் அடங்குவதையும் உணரட்டும். வெப்பமண்டலக் கடலில், நீராவிக் குழாய்களுக்கு நடுவே, காற்றோட்டம் நின்ற அறை சிறிது நேரத்தில் தாங்க முடியாததாகிவிடும். தொலைபேசியும் சுக்கானை இயக்கும் விசையும் பயன்படாமல் போகும். பின்புற 5.25 அங்குலப் பீரங்கிக் கூண்டுகளைத் திருப்பும் ஹைட்ராலிக் பம்புகளும் மின்மோட்டாரில் ஓடுபவை என்பதால், அவை விசையிழக்கும். அதே நேரத்தில் வலப்புற முன்பகுதியில் ஒரு கூண்டு சுட்டுக்கொண்டிருப்பதாக எழுதினால் அது வரலாற்றோடு முரண்படாது.