குளிர்ல பிரிண்ட்ல கறுப்பு ஏறலையா? முதல்ல ட்ரேயில தெர்மாமீட்டர் போடுங்க

குன்னூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பாத்ரூமையே டார்க்ரூமா (போட்டோ பிரிண்ட் போடற இருட்டு ரூம்) வெச்சு கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுறாராம், மே மாசம் பளிச்சுனு வந்த அதே நெகட்டிவ் மார்கழியில போட்டா வெளிறிப்போய் வருது, கறுப்பே ஏறல, பேப்பரை மாத்தணுமா இல்ல கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை கூட்டற கான்ட்ராஸ்ட் பில்டரை ஏத்தணுமானு.

ரெண்டும் இப்ப வேணாம் தம்பி. டெவலப்பர்ல, அதாவது பேப்பர்ல படத்தை வரவைக்கற கெமிக்கல்ல, தெர்மாமீட்டரை விட்டு பாருங்க, பாட்டில்ல இல்ல, ட்ரேயில. கலக்கும்போது 20 டிகிரி இருந்திருக்கும், ஆனா அகலமான ட்ரேயில ஊத்தி சில்லுனு இருக்கற தரையில வெச்சா மளமளனு இறங்கிடும். பேப்பர் டெவலப்பர்ல பெரும்பாலும் மெட்டால், பெனிடோன்னு ரெண்டு கெமிக்கல்ல ஒண்ணு இருக்கும், கூட ஹைட்ரோகுயினோன்னு இன்னொரு கெமிக்கல் இருக்கும், நல்ல அழுத்தமான கறுப்புக்கு இந்த ஹைட்ரோகுயினோன் தான் முக்கியம், சுமார் 13 டிகிரிக்கு கீழ போனா அது வேலையே செய்யாது. அதுக்கப்புறம் நேரத்தை கூட்டியும் பிரயோஜனம் இல்ல. பிலிமும் பேப்பரும் பத்திரமா வெச்சிருக்க குளிர் ரொம்ப நல்லது, டெவலப் பண்ண மட்டும் ஆகாது.

சந்தேகம் தீர ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒரு பேப்பரை ரெண்டு துண்டா வெட்டி, ரெண்டையும் ரூம் லைட்ல நல்லா காட்டிட்டு, ஒண்ணை இப்ப இருக்கற ஜில் டெவலப்பர்ல, இன்னொன்னை அதே டெவலப்பரை 20 டிகிரிக்கு கொண்டு வந்து அதுல போட்டு, ரெண்டுக்கும் அதே நேரம் குடுத்து, பிக்ஸர்ல (படத்தை நிலைக்க வைக்கற கெமிக்கல்) போட்டு பிக்ஸ் பண்ணி, காலையில ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்து பக்கத்துல வெச்சு பாருங்க. ஜில்லுல போட்டது மட்டும் சாம்பலா இருந்தா குளிர்தான் காரணம்.

குளிர்தான் காரணம்னா தினமும் பண்ண வேண்டியது, பெரிய ட்ரேயில வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அதுக்குள்ள டெவலப்பர் ட்ரேயை வைக்கறது, நாலஞ்சு பிரிண்டுக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் பாத்து சுடுதண்ணி சேர்த்துக்கறது. ட்ரேக்கு அடியில பலகை போட்டாலே பாதி குளிர் ஏறாது. இன்னொன்னு, சிவப்பு லைட்ல படம் நிஜத்தை விட கறுப்பா தெரியும், போதும்னு நினைச்சு பாதியில வெளிய எடுத்துடுவோம், அந்த பழக்கத்தை விட்டுடுங்க, ஆர்சி பேப்பர்னா (பிளாஸ்டிக் பூச்சு உள்ளது) ஒரு நிமிஷம், பைபர்னா (பூச்சு இல்லாத சாதா காகிதம்) ரெண்டு நிமிஷம்னு டப்பாவுல போட்டிருக்கற நேரத்தை கடிகாரம் பாத்து முழுசா குடுங்க. படம் கறுத்துப் போனா எக்ஸ்போஷரை (பேப்பர்ல வெளிச்சம் விழற நேரத்தை) குறைங்க, டெவலப்பிங் நேரத்துல கை வைக்காதீங்க.

டெவலப் பண்ணி பிக்ஸ் பண்ணின பிலிமை தண்ணியில அலசறதும் இதே கதைதான். 20 டிகிரி பிக்ஸர்ல இருந்து நேரா பைப்பு தண்ணிக்கு போனா எமல்ஷன் (பிலிம் மேல இருக்கற ஜெலட்டின் பூச்சு) சுருங்கி ரெட்டிகுலேஷன், அதாவது வலை மாதிரி நுண்ணிய சுருக்கம், வரலாம், அதனால ஒரு வாளியில சுடுதண்ணி கலந்து முன்னாடியே 20 டிகிரிக்கு வெச்சுக்கங்க. பிலிம் டேங்க்ல அந்த தண்ணியை ரொப்பி 5 தடவை கவுத்து நிமித்தி கீழ ஊத்திடுங்க, அடுத்து புது தண்ணியில 10 தடவை, அடுத்து 20 தடவை, பிலிமுக்கு அது போதும்னு பிலிம் கம்பெனி இல்ஃபோர்டே சொல்லுது, தண்ணியும் மிச்சம்.

ரூமை சூடாக்கறேன்னு கரி அடுப்பை மட்டும் உள்ள கொண்டு போயிடாதீங்க. காத்து போக வழியில்லாம இறுக்கி அடைச்ச ரூம்ல கரி புகைஞ்சா கார்பன் மோனாக்சைடு ஆளையே முடிச்சிடும், வாசனை கூட வராது. கம்பி சிவக்கற ஹீட்டரும் அதோட வெளிச்சத்தால பேப்பரை பாக் பண்ணிடும், அதாவது மொத்தமா சாம்பலடிச்சிடும், அதனால ரூமை முதல்ல சூடு பண்ணி, ஹீட்டரை ஆஃப் பண்ணி வெளிய வெச்சிட்டு, அப்புறம் பேப்பர் கவரை பிரிங்க.

டெஸ்ட்ல ரெண்டு துண்டுமே சாம்பலா வந்துச்சுன்னா டெவலப்பர் செத்திருக்கும், இல்ல பேப்பர் பழசா இருக்கும், எப்ப கலக்குனது, பேப்பர் எப்ப வாங்குனதுனு எழுதி அனுப்புங்க, பாக்கலாம்.