விருதுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பேட்டன்ட் (காப்புரிமை) போடுங்க

தம்பி, ஆரல்வாய்மொழி ரோட்டுல பக்கவாட்டு காத்து அடிச்சா லாரி டிரைவருக்கு முன்கூட்டியே விளக்கு எரிஞ்சு எச்சரிக்கிற மாதிரி பைனல் இயர் புராஜெக்ட் செஞ்சிருக்கேன், எந்த கவர்மென்ட் விருதுக்கு அனுப்பலாம்னு கேட்டிருக்கீங்க. ஆடி காத்துல அந்த வழியா பைக் ஓட்டுனவனுக்குத்தான் அதுக்க அருமை தெரியும்.

சுதந்திர தினத்துல தமிழக அரசு குடுக்குற அப்துல் கலாம் விருது 5 லட்சமும் 8 கிராம் தங்கப் பதக்கமும், ஆனா அது பெரிய சாதனையாளர்களுக்கு, இப்ப கைக்கு எட்டாது. நேஷனல் இன்னவேஷன் பவுண்டேஷன் விருது முக்கியமா தொழில்நுட்பப் படிப்பு படிக்காம பட்டறையிலயும் வயல்லயும் கண்டுபிடிக்கிறவங்களுக்கு, எஞ்சினியரிங் படிக்கிற உங்களுக்குப் பொருந்தாது. நேஷனல் ஸ்டார்ட்அப் அவார்டுக்கு கம்பெனி பதிவு வேணும்.

எதுக்கு அனுப்புனாலும் சரி, சர்க்யூட்டையும் காத்து வேகத்தை எப்படி கணக்குப் போடுதுன்னும் யூடியூப்ல போட்டுராதீங்க, நானும் எனக்க கூட்டுக்காரனும் ஒரு வண்டி பிரேக் விஷயத்துல போட்டி ஜெயிச்ச சந்தோஷத்துல வீடியோவை ஏத்திட்டு அப்புறமா பேட்டன்ட்டுக்குப் போனா, நம்ம வீடியோவையே ஆதாரமா காட்டி ஏற்கனவே வெளியானது, பேட்டன்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. முதல்ல புரொவிஷனல் (தற்காலிக) மனு போடுங்க, தனி ஆளுக்கு ஆன்லைன்ல 1600 ரூபாதான், முழு விவரம் குடுக்க 12 மாசம் டைம் இருக்கு. சென்னை கிண்டியில பேட்டன்ட் ஆபீஸ் இருக்கு, ஆனா நாகர்கோவில்ல இருந்தே போடலாம். புராஜெக்ட் கைடு பேரை மனுவுல எப்படிப் போடுறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கிடுங்க, பின்னாடி அதான் சண்டையாகும்.