மைனரின் கதவு முட்டுகிறதா? கிரைண்டரைக் கீழே வையுங்கள்

கேள்வி: அண்ணை, நாலு கதவு மொறிஸ் மைனர் கார் ஒன்றைச் சாவகச்சேரிக் கராச் ஒன்றில் விட்டு, ஜப்பான் இன்ஜின் போட்டுப் புதிதாகக் கட்டுகிறேன். கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் இரண்டு பக்கமும் கறள் தின்றுபோனதால் வெட்டிப் புதிது வைத்து வெல்டிங்கால் ஒட்டினார்கள். இப்போது முன்கதவுகளின் பின்பக்க மேல் மூலை நடுத்தூணில் முட்டுகிறது, கீழே விரல் போகிற அளவு இடைவெளி. தகடு அடித்துத் திருத்தும் ரிங்கர் வேலை செய்பவர் மேலே அரைத்துக் கீழே பட்டி என்ற நிரப்புப் பசை வைத்து நிரப்பலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கதவின் வெளித்தகடு உள்சட்டத்தைச் சுற்றி மடித்து அடிக்கப்பட்டிருக்கிறது, அவர் அரைக்கப்போவது அந்த மடிப்பைத்தான். மடிப்பு போனால் தகடு சட்டத்தை விட்டுக் கழரும், நம்முடைய உப்புக்காற்றுக்கு அதுவே வாசல். ஓரத்தில் தடிப்பாக வைத்த பட்டியும் கதவை நாலு தரம் அடித்துச் சாத்தினால் பெயர்ந்து விழும்.

மேலே முட்டிக் கீழே அகலுவது இரண்டு காரணத்தால் வரும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கதவைப் பாதி திறந்து, பின்முனையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் பிணைச்சல் ஊசி தேய்ந்திருக்கிறது, ஊசியை மாற்றிவிட்டுத்தான் மற்ற யோசனை எல்லாம். ஆடவில்லை என்றால் கதவில் பிழையில்லை, காரின் உடலான பொடிதான் நடுவில் தாழ்ந்துவிட்டது. உங்கள் கதையைக் கேட்டால் எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

ஏனென்றால் மைனருக்கு லொறிபோலத் தனியான முழுச் சேசிஸ் கிடையாது. முன்பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து முன்சீற்றுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தோடு முடிகின்றன, அதற்குப் பிறகு பாரத்தைச் சுமப்பது தரைத்தகடும் நீங்கள் வெட்டி எடுத்த அந்தப் பெட்டிச் சட்டமும்தான். முன்சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக முறுகும் கம்பியான ரோர்ஷன் பாரின் பின்முனையும் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் இறுக்கப்பட்டிருக்கிறது, அதனால் அங்கே கறள் இருக்கிறதா என்று ஸ்க்ரூட்றைவரால் குத்திப் பார்க்காமல் மேலே ஒன்றும் செய்யாதீர்கள். கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே கம்பி ஒட்டாமல் சட்டத்தை வெட்டினால் பொடி தாழாமல் என்ன செய்யும்?

உறுதிப்படுத்த, முன்கதவு வாசலை மூலைக்கு மூலை இரண்டு குறுக்காகவும் அளந்து எழுதுங்கள். இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருப்திப்படாதீர்கள், இரண்டுமே ஒரே மாதிரித் தாழ்ந்திருக்கலாம். ஓடுகிற நாலு கதவு மைனர் ஒன்றை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடிப்பது பெரிய பாடில்லை, அதில் அளந்து ஒப்பிடுங்கள்.

அளவு பிழை என்றால் புது ஒட்டைத் திறக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். கதவுகளை மாட்டி, குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தடித்த பலகை வைத்து ஜக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, இடைவெளி நேரானதும் வாசலுக்குக் குறுக்கே கம்பி ஒட்டிப் பூட்டிவிட்டு, பிறகு சட்டத்தை இடம் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாக ஒட்டச் சொல்லுங்கள். ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டில் தகடு திரும்பவும் இழுக்கும்.

அப்புறம் கதவு பொருத்துவது. கார் தன் சில்லுகளில் நிற்க வேண்டும், இன்ஜினும் கியர் பெட்டியும் உள்ளே இருக்க வேண்டும். இன்ஜின் இன்னும் வரவில்லை என்றால் அதன் பாரத்துக்கு ஏற்ப 50 கிலோ சீமெந்து பைக்கற்றுகளை இன்ஜின் இருக்கும் இடத்தில் பலகை போட்டு ஏற்றுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பூட்டு விழும் கொழுக்கியையும் றப்பரையும் கழற்றிவிடுங்கள், அவை கதவை இழுத்தும் தள்ளியும் உண்மையை மறைக்கும்.

பின்கதவில் தொடங்குங்கள். அதற்குப் பின்னால் உள்ள பொடித் தகடு ஒட்டியது, அசையாது. அதற்கு நேராகப் பின்கதவு, பின்கதவுக்கு நேராக முன்கதவு, முன்கதவுக்கு நேராக மட்காட், கடைசியாகப் பொனற். முன்னாலிருந்து தொடங்கினால் எல்லாப் பிழையும் சேர்ந்து அசைக்க முடியாத இடத்தில் போய் நிற்கும். கதவின் பின்முனை கொஞ்சம் தொங்கினால் கீழ்ப்பிணைச்சலுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்தால் எழும்பும். பிணைச்சல்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் போலக் கதவின் நீளம் இரண்டு மடங்கு என்றால், 1 மில்லிமீற்றர் தகட்டுக்குப் பின்முனை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரும்.

இடைவெளி 4 முதல் 5 மில்லிமீற்றர் இருந்தால் போதும், 5 மில்லிமீற்றர் துளையிடும் ஊசியின் அடிப்பக்கத்தை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கொம்பனியிலிருந்து வந்த மைனரே ஒரே சீராக இருந்ததில்லை, புது ஜப்பான் காரைப் போல வேண்டும் என்று ரிங்கரை வதைக்காதீர்கள். எங்காவது அகலம் கூடினால் கதவு ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கம்பியை ஒட்டி அரத்தால் உருவாக்குங்கள், பட்டி அல்ல.

மட்காட் போல்ற்றுகளைக் கையால் மட்டும் திருகி வையுங்கள், மட்காட்டுக்கும் பொடிக்கும் இடையில் வரும் பைப்பிங்கில் ஒரு துண்டை வைத்தே சோதியுங்கள், அதன் தடிப்பும் கணக்கில் வரும். பொனற்றின் நடுவில் ஓடும் மேடான பட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1948இல் கார் வெளிவருவதற்கு முன், அகலம் போதாது என்று மைனரை வடிவமைத்த இசிகோனிஸ், சோதனைக்குக் கட்டிய மாதிரிக் காரை நடுவால் வெட்டி 4 அங்குலம் விரித்ததன் அடையாளம் அது. அந்தப் பட்டையின் நடுவிலிருந்து இரண்டு மட்காட்டுக்கும் அளந்தால் பொனற் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

புது றப்பரைப் போட்டுக் கதவு எல்லாம் சரியாகச் சாத்துகிறது என்று பார்த்த பிறகே அடிப்பூச்சான பிறைமர். இப்போதைக்கு அந்தக் குறுக்களவுகளை அனுப்புங்கள், ஒட்டைத் திறக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.