மேக்ரோவில் பாஸ்வேர்டை ஒளித்தால் ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு வேர்டு மேக்ரோ (வேர்டுக்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்), எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துத் தமிழில் நினைவூட்டல் கடிதம் தயாரிக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோடுக்குள்ளேயே (நிரல் வரிகளுக்குள்ளேயே) இருந்தது. மற்றவர்கள் படிக்கக் கூடாதென்று அதை சிஹெச்ஆர் எண்களாக (ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்) உடைத்து, எக்ஸாரும் (சாவி எண்ணோடு கலந்து மாற்றும் கணக்கு) போட்டேன். இப்போது கிளை அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பினால் ஆன்டிவைரஸ் ஃபைலையே தூக்கிவிடுகிறது. இன்னும் நன்றாக மறைக்க வழி உண்டா?

பதில்: மறைப்பதை விடுங்கள். பாஸ்வேர்டை மேக்ரோவிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் உங்கள் இரண்டு தலைவலியும் சேர்ந்தே போய்விடும்.

நீங்கள் செய்திருப்பது என்னவென்று பார்ப்போம். பாஸ்வேர்டில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘கவி’ (கே, ஏ, வி, ஐ) என்று இருந்தால் அதன் எண்கள் 75, 65, 86, 73. ஒவ்வொன்றையும் 7 என்ற சாவியோடு எக்ஸார் செய்தால் 76, 70, 81, 78. அதே 7-ஐ மறுபடி எக்ஸார் செய்தால் பழைய எண்கள் திரும்பிவிடும். கோடைப் பார்ப்பவருக்கு வெறும் எண்கள்தான் தெரியும், சரி. ஆனால் சர்வரோடு இணையும் அந்த வரியில் மேக்ரோவுக்கு உண்மையான பாஸ்வேர்டு வேண்டுமே! அதனால் மறைத்ததைப் பிரிக்கும் கணக்கும் அதன் சாவியும் அதே ஃபைலில்தான் இருந்தாக வேண்டும். வீட்டைப் பூட்டி சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைப்பது போலத்தான் இது.

படிக்க நினைப்பவர் உங்கள் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூட வேண்டாம். ஆல்ட் எஃப்11 அழுத்தி மேக்ரோ எடிட்டரைத் திறந்து, இணைப்பு வரிக்கு மேலே டீபக் பிரின்ட் என்ற காட்டும் கட்டளை ஒன்றைச் சேர்த்து ஓட்டினால் போதும், பாஸ்வேர்டு எடிட்டரின் இமிடியட் விண்டோவில் வந்து நிற்கும். ‘விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) பிராஜெக்டுக்கே பூட்டுப் போட்டிருக்கிறேனே’ என்பீர்கள். அந்தப் பூட்டு எடிட்டர் திரையை மட்டுமே தடுக்கிறது. ஃபைலுக்குள் இருக்கும் கோடு சுருக்கப்பட்டிருக்கிறதே தவிர என்கிரிப்ட் ஆகவில்லை. ஓஎல்இவிபிஏ என்ற இலவசக் கருவி அந்தப் பூட்டைக் கேட்காமலேயே முழுக் கோடையும் எடுத்துத் தரும்.

அப்படியானால் ஆன்டிவைரஸுக்கு என்ன கோபம்? எழுத்துகளை எண்களாக உடைப்பது, திருப்பிப் போடுவது, துண்டு துண்டாக ஒட்டுவது எல்லாம் மேக்ரோ வைரஸ்காரர்களின் அன்றாட வேலை. பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளையிடும் கருவி) என்ற சொல்லோ இணைய முகவரியோ ஸ்கேனரின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். 2014-இல் தலைகாட்டிய எமோடெட் என்ற தீங்கு நிரல் இப்படிப்பட்ட வேர்டு ஃபைல்கள் வழியாகத்தான் பெருமளவில் பரவியது. அதனால் சர்வரோடு பேசும் கோடில் சிஹெச்ஆர் வரிசையும் எக்ஸாரும் சேர்ந்து வந்தாலே சந்தேகப் புள்ளி ஏறும். உங்கள் நோக்கம் அதற்கு எப்படித் தெரியும்? இன்னும் சிக்கலாக மறைத்தால் சந்தேகம்தான் கூடும். அதோடு 2018 முதல் ஆஃபீஸ் 365-இல் மேக்ரோ ஓடும்போது வெளியே அழைக்கும் கட்டளைகளையும் அவற்றோடு போகும் மதிப்புகளையும் ஆன்டிவைரஸ் பார்க்க முடிகிறது. அந்த நேரத்தில் எல்லாம் பிரிந்த நிலையில்தான் இருக்கும்.

முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயிலில் போய்விட்டது, இனி அது ரகசியம் இல்லை.

அப்புறம், கணினிகள் எல்லாம் ஒரே டொமைனில் (அலுவலகம் மையமாக நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) இருந்தால் விண்டோஸ் லாகினையே பயன்படுத்துங்கள். இணைப்பு வரியில் இன்டகிரேட்டட் செக்யூரிட்டி என்று குறித்துவிட்டால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: அனுமதி பெற்ற ஊழியர் எக்ஸலைத் திறந்தும் அதே டேட்டாபேஸில் நுழைய முடியும். ஆகவே கடிதத்துக்கு வேண்டிய பெயர், முகவரி, நிலுவைத் தொகை மட்டும் வருகிற ஒரு வியூவை உருவாக்கி, அதைப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். பலரும் இந்த இடத்தில் சோம்பல்பட்டு முழு உரிமையைக் கொடுத்துவிடுகிறார்கள். டொமைன் இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டைக் கேட்கும் சிறிய யூசர்ஃபார்ம் (நீங்களே வடிவமைக்கும் படிவம்) வையுங்கள். இன்புட் பாக்ஸ் வேண்டாம், அடிப்பது அப்படியே திரையில் தெரியும். யூசர்ஃபார்மின் டெக்ஸ்ட் பாக்ஸில் நட்சத்திரக் குறியாகக் காட்ட வசதி இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கடிதம் தமிழில் என்பதால் அதற்கான வாசகங்களும் கோடில் எண்களாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். விபிஏ எடிட்டருக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறை) தெரியாது. தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும். வேறு வழியில்லாமல் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே சிஹெச்ஆரின் யூனிகோடு வடிவமான சிஹெச்ஆர்டபிள்யூ போட்டு 2980, 2990, 3007, 2996, 3021 என்று எழுதுகிறோம். நாம் எதையும் ஒளிக்கவில்லை, ஆனால் ஸ்கேனருக்கு இதுவும் ஒளிப்பதாகவே தோன்றலாம். வேர்டு டெம்ப்ளேட்டுக்கு யூனிகோடு நன்றாகவே தெரியும். எனவே வாசகங்களை அதில் ஆட்டோடெக்ஸ்ட்டாகச் சேமித்து, மேக்ரோ பெயர் சொல்லி அழைக்கும்படி செய்யுங்கள். கோடு குறையும், வாசகத்தைத் திருத்த எடிட்டரையும் திறக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகு ஃபைலை மெயிலில் அனுப்பாமல், கிளையின் கணினிகளில் டிரஸ்டட் லொகேஷனாக (ஆஃபீஸ் நம்பும் இடமாக) குறித்த ஃபோல்டரில் வையுங்கள். இணையத்திலிருந்து வந்ததாக அடையாளமிட்ட ஃபைல்களின் மேக்ரோக்களை 2022 முதல் ஆஃபீஸ் தானாகவே தடுக்கிறது. மெயிலில் வருவதும் பெரும்பாலும் அதில் மாட்டும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.